குழாயின் மறுமுனை

"செடிக்கு ஏ.ஸி.யா? மனுஷனே மின்விசிறி இல்லாமல் வெந்துகொண்டிருக்கிறான்!" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், சுற்றி இருக்கிறவர்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டிவிடுவார்கள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பது போல ஒரு மௌனம் வேறு விழும். எனக்கென்னவோ இந்த மாதிரித் தலையாட்டல்களில் எப்போதுமே சந்தேகம். செலவில்லாமல் வருகிற தர்மகோபம் பெரும்பாலும் தப்பான விலாசத்தில்தான் போய் இறங்குகிறது. குற்றம் ஒன்று நடக்கத்தான் நடக்கிறது. ஆனால் அது கோபப்பட்டவர் சுட்டிக் காட்டிய இடத்தில் இல்லை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் முதல் மாடி ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு நண்பர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்கட்டு அறையில் அவர் குங்குமப்பூ வளர்க்கிறார். ஒரே அறையில் குங்குமப்பூ பயிரிட்டு லட்சாதிபதி ஆகலாம் என்று யாரோ காட்டிய படத்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். இதை அவரே ஒளிக்காமல் சொல்லுவார். காஷ்மீரத்திலிருந்து கிழங்கு வரவழைத்தார். நார் மூடிய சின்ன வெங்காயம் போல இருந்தது ஒவ்வொன்றும். தட்டுகளில் அடுக்கி, அலமாரி போல நிறுத்தி, சுவருக்குத் தெர்மாகோல் ஒட்டி, ஒரு போர்ட்டபிள் ஏ.ஸி.யை வாங்கி வைத்தார். முதல் வருஷம் கிடைத்தது ஆறு கிராம். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது பூ வேண்டும், ஒவ்வொரு பூவிலும் மூன்றே மூன்று சிவப்பு இழை என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த ஆறு கிராமின் கனம் புரியும். மின்சாரச் செலவு விற்ற காசைப் போல மூன்று மடங்கு. லட்சாதிபதிக் கனவு அதோடு முடிந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. விடிகாலையில் கதவைத் திறந்து, ஊதா நிறத்தில் விரிந்துகொண்டிருக்கும் பூக்களைப் பார்த்த ஒருவர் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிட முடியாது போலிருக்கிறது. லாபத்துக்காக ஆரம்பித்துப் பிரியத்தில் மாட்டிக்கொண்டவர் அவர். என்னைக் கேட்டால், உலகத்தில் அநேகம் நல்ல காரியங்களும் சில பொல்லாத காரியங்களும் இப்படித்தான் நிகழ்கின்றன.

அவர் மீது வருகிற முதல் குற்றச்சாட்டைத்தான் மேலே சொன்னேன். அதை நான் ஏற்கவில்லை. அதே அறையில், அதே பெட்டியைப் போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்து மூடி அவரே படுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். தனக்காகக் குளிர வைத்தால் சௌகரியம், செடிக்காகக் குளிர வைத்தால் திமிர். இது என்ன நியாயம்? சொல்லப்போனால் இந்த யந்திரமே மனிதனுக்காகப் பிறந்ததல்ல. 1902-இல் நியூயார்க் நகரத்து புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாகப் பொருந்தவில்லை. அதைச் சரிப்படுத்தத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினீயர் முதல் ஏ.ஸி. அமைப்பை வகுத்தார். முதலில் குளிர்ந்தது காகிதம். நாமெல்லாம் பிறகு அந்தக் குளிரில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

இரண்டாவது குற்றச்சாட்டு கொஞ்சம் கௌரவமானது. காஷ்மீரத்துச் செடியை மாம்பலத்தில் வளர்ப்பது இயற்கைக்கு விரோதம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குங்குமப்பூவிடம் இயற்கையைப் பற்றிப் பேசுவது கஷ்டம். அது விதை வைக்காத செடி. பிறவியிலேயே மலடு. கிழங்கைத் தோண்டிப் பிரித்து மறுபடி நட மனிதன் ஒருவன் இல்லாவிட்டால் அந்த இனமே இராது. 2019-இல் அதன் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் கிரேக்க நாட்டின் அட்டிக்காப் பகுதியில் இன்னும் காட்டுச் செடியாக இருக்கும் ஓர் இனத்திலிருந்து அது வந்தது என்று கண்டார்கள். ஆக, காஷ்மீரத்துக்கே அது வந்தேறி. யாரோ கையில் எடுத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்கள். கை மாறிக் கை மாறித்தான் மூவாயிரம் வருஷமாக அது உயிரோடிருக்கிறது. நம் குழம்பில் இருக்கும் மிளகாய் கடல் கடந்து வந்தது என்பதை மறந்துவிட்டு, "எது எங்கே வளர வேண்டுமோ அங்கேதான் வளர வேண்டும்" என்று சொல்லுவது ரொம்ப தைரியம்.

பிறகு எங்கேதான் தவறு? தவறு என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. அதைப் பார்க்க அறைக்குள் போகக் கூடாது. அறைக்குப் பின்னால் போக வேண்டும்.

இந்தப் போர்ட்டபிள் ஏ.ஸி. என்பது இடுப்பளவு உயரப் பெட்டி. அடியில் சக்கரம். முதுகில் தும்பிக்கை போல ஒரு தடித்த குழாய். சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மற்ற வீடுகளில் இருப்பது போல வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி என்று வைக்க அவருக்கு வழியில்லை. வாடகைக்காரர்களின் யந்திரம் இது. குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மிச்ச இடுக்கை அட்டையால் அடைத்துவிட்டால் தீர்ந்தது.

கல்லூரியில் இரண்டே வருஷம் படித்த பௌதிகத்தில் எனக்கு ஒன்று மட்டும் மனசில் நின்றிருக்கிறது. குளிரை யாரும் உண்டாக்குவதில்லை. உஷ்ணத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் போடுகிறோம், அவ்வளவுதான். 'ஒரு டன்' என்று விற்கும் பெட்டி முழு மூச்சாக ஓடினால் அறையிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 3.5 கிலோவாட். எடுக்கிற வேலைக்கு அது தின்னும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வருகிறது. இரண்டையும் கூட்டினால் நாலரைக்கு மேல் போகும். வாளித் தண்ணீரில் முக்கிக் காய்ச்சுகிற கம்பிச் சுருள் இருக்கிறதே, ஒரு கிலோவாட் ஹீட்டர், அதைப் போல நாலைந்தைக் குழாயின் மறுமுனையில் தொங்கவிட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன டன்? அந்த நாளில் ஒரு டன் ஐஸ் கட்டி இருபத்து நாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தைக் குடிக்குமோ அந்த அளவு என்று அர்த்தம். ஐஸ் கட்டியைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று நிற்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் வைக்கக் கட்டியது. அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த கட்டிகளை மரத்தூளில் பொதிந்து பாய்மரக் கப்பலில் கொண்டு வந்தார் டியூடர் என்ற வியாபாரி. தோரோ எழுதிய 'வால்டன்' என்ற புத்தகத்தில் (1854) தம்முடைய குளத்து ஐஸ் போய்ச் சேரும் ஊர்களில் மதராஸையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் குளிரில் ஒரு விசேஷம் இருந்தது. கடலில் பாதி கரைந்தாலும் கரையும். ஆனால் துரைமார் வீட்டுக் கண்ணாடிக் குவளை குளிர்ந்ததற்காகப் பக்கத்துத் தெரு ஒரு மாத்திரையும் சூடாகவில்லை. அந்தச் சௌகரியம் நமக்கு இல்லை. நம்முடைய குளிருக்குக் கையோடு ஓர் உஷ்ணமும் பிறக்கிறது. அதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டாக வேண்டும்.

ஒற்றைக் குழாய்ப் பெட்டியில் இன்னொரு வேடிக்கை. அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சித் தன் உஷ்ணத்தை அதில் ஏற்றி வெளியே ஊதுகிறது. ஊதிய காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளிக் காற்று உள்ளே வந்துதானே தீர வேண்டும்? வருவது என்ன காற்று? ஈரமும் சூடுமான சென்னைக் காற்று. ஆகவே பெட்டி ஓட ஓட, தான் ஓட வேண்டிய காரணத்தையும் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டு குழாய் வைத்த பெட்டி தேவலை என்கிறார்கள். அதில் ஒரு குழாய் வெளிக் காற்றை எடுத்து மற்றது வெளியே விடும். நண்பருடையது ஒற்றைக் குழாய். கிழங்குக்குள் மொட்டு உருவாகும்போது 23 முதல் 27 டிகிரி இருக்கலாம். அது வெளியே வந்து பூக்க 17 டிகிரியைச் சுற்றி இருக்க வேண்டும். அந்தப் பதினேழைப் பிடிப்பதற்காக அந்தப் பெட்டி இரவு பகலாக மூச்சு வாங்கும். பிழிந்த ஈரம் தினம் இரண்டு வாளி சேரும்.

குழாயின் மறுமுனை ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஐந்தடி அகலம். மேலே தகரக் கூரை வேறு பாதியை மூடியிருக்கிறது. எதிர்க் கட்டடத்தில், நேர் எதிரே, ஒரு ஜன்னல். அது ஒரு தையற்கார அம்மாளின் வீடு. ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல். அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார். என் மனைவி ரவிக்கை தைக்கக் கொடுப்பது அவரிடம்தான் என்பதால் இந்தக் கதையின் இந்தப் பாதி எனக்குத் தெரிய வந்தது. தையல் யந்திரத்தை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார், வெளிச்சத்துக்காக. இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் பட்டப்பகலில் ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு தைக்கிறார்.

"ஏம்மா, அந்த ஸார் கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எப்படி ஸார் சொல்றது? வயசானவரு. ஏதோ மருந்துப் பூ வளக்குறாராம், நல்ல காரியம். தெனம் வாளித் தண்ணி வேற குடுத்தனுப்புறாரு, இஸ்திரிப் பெட்டிக்கு ஊத்திக்கச் சொல்லி. உப்பே இல்லாத தண்ணி, துணியில கறை படியறதில்ல."

நண்பரிடம் அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டபோது அவர் பளிச்சென்று சொன்னார்: "அவங்க ஒண்ணும் சொல்லலையே, தம்பி!"

பொய் இல்லை. அவர் கொடூரமானவரும் இல்லை. அந்த வாளித் தண்ணீரை அவர் ஏமாற்றுவதற்காக அனுப்பவில்லை. வீணாகப் போகிறதே, யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் அனுப்புகிறார். ஆனாலும் அந்த இடத்தில்தான் என் மனசு நின்றுவிட்டது. சொல்லாததை நாம் எவ்வளவு சீக்கிரம் சம்மதமாக எழுதிக்கொண்டுவிடுகிறோம்! சொல்லக் கூடியவர்களுக்கு எதிரே நாம் குழாயை நீட்டுவதே இல்லை. முன்பக்கம், தெருவைப் பார்த்து, கார் நிறுத்தும் டாக்டர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே அதை வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. யோசித்துத் தவிர்த்தார் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகவே சந்துப் பக்கம் போயிற்று. கதை எழுதுகிறவனுக்கு மனிதர்கள் யோசித்துச் செய்கிற காரியங்களை விட, யோசிக்காமல் கை போகிற திசைதான் முக்கியம்.

அவரிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை; வாதம் செய்தார். "இந்தத் தெருவிலே எத்தனை ஏ.ஸி. இருக்கு, எண்ணிப் பாருங்க. அத்தனையும் வெளியேதான் ஊதுது. என்னுடையதை நிறுத்திட்டா மட்டும் மாம்பலம் ஊட்டியாயிடுமா?"

இது பதில் சொல்லக் கஷ்டமான வாதம். உண்மையும் அதில் இருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று, வீடுகளின் ஏ.ஸி.க்கள் வெளியே தள்ளும் உஷ்ணம் மட்டுமே இரவு வேளையில் சில இடங்களில் ஒரு டிகிரி செல்ஸியஸுக்கு மேல் ஊரைச் சூடாக்குகிறது என்று கண்டார்கள். ஆக எல்லோருமாகச் சேர்ந்துதான் செய்கிறோம். எல்லோரும் சேர்ந்து செய்கிற காரியத்தில் ஒருவருடைய பங்கு அணுவளவு. ஆனால் நண்பரே, அந்த அணுக்கள் எல்லாம் காற்றில் கலந்து முகம் இல்லாமல் போய்விடுகின்றன; உங்களுடையது ஐந்தடி தாண்டி ஒரு ஜன்னலைச் சாத்த வைத்திருக்கிறது. முகம் இல்லாத பாவத்துக்கு என்ன பரிகாரம் என்பதைச் சர்க்காரும் விஞ்ஞானிகளும் யோசிக்கட்டும், நாமும் நம் பங்குக்கு யோசிப்போம். முகம் தெரிந்த பாவத்துக்கு அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. பெரிய கணக்கைக் காட்டிச் சின்னக் கடனைத் தள்ளுபடி செய்துகொள்வது வங்கியில் வேலை பார்த்தவருக்கு அழகில்லை என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்தார்.

சரி, அணைத்துவிட்டால் போகிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். இங்கேதான் விஷயம் நான் எதிர்பார்க்காத பக்கம் திரும்பிற்று.

குங்குமப்பூ ஐப்பசி, கார்த்திகையில் பூத்துவிடும். பூப்பதற்கு மண் கூட வேண்டாம். கிழங்குக்குள் சேர்த்து வைத்த சத்தே போதும். பூ பறித்தானதும் அநேகர் கிழங்கைக் குப்பையில் கொட்டிவிட்டு அடுத்த வருஷம் புதிதாக வாங்குகிறார்கள். அதுதான் சிக்கனமும் கூட. ஆனால் பூத்த கிழங்கு சாகவில்லை. அதற்குப் பிறகுதான் அதன் சொந்த வேலை ஆரம்பம். புல் போல இலை விட்டு, மண்ணிலும் வெளிச்சத்திலும் குளிரிலும் நாலைந்து மாதம் நின்று, தான் வற்றிப்போய்க் குட்டிக் கிழங்குகளை உண்டாக்க வேண்டும். பூ நமக்கு; இலை அதற்கு. காஷ்மீரத்திலேயே இப்போது சிலர் தட்டில் அடுக்கி வீட்டுக்குள் பூக்க வைக்கிறார்கள். அங்கே பருவமே குளிர வைத்துவிடுகிறது. பறித்ததும் கிழங்கை நிலத்தில் கொண்டுபோய் நட்டுவிடுகிறார்கள். மாம்பலத்தில் நிலம் ஏது, குளிர் ஏது?

நண்பருக்குக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. "பூவை வாங்கிக்கிட்டு விரட்டிடறதா?" என்றார். தென்னை நார்த்தூளில் நட்டு, எல்.இ.டி. விளக்குப் போட்டு, மாசி வரைக்கும் பெட்டியை ஓட்டினார். விளக்கின் சூடும் சேர்ந்துகொண்டதால் பெட்டிக்கு வேலை அதிகம். காசு ஒரு பைசா அதில் வராது. வெறும் கடமை என்று நினைத்துச் செய்தார். அந்தக் கடமையின் நாலு மாதமும்தான் எதிர் ஜன்னல் சாத்தியே கிடந்தது.

பணத்தாசையால் பக்கத்து வீட்டுக்காரியை வாட்டினார் என்றால் எனக்குத் தீர்ப்பு சுலபம். பேராசைக்காரனைப் பற்றி நூறு கதை எழுதலாம். இவரோ வாயில்லாத ஓர் உயிருக்கு விசுவாசமாக இருந்தார். அதற்கான விலையை இன்னொரு வாயில்லாத ஜீவன் கொடுத்தது. அன்பு என்று வந்துவிட்டால் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. ஒரு தாயார் தன் பிள்ளைக்காக மருமகளைப் பிழிந்தால் கூட, பிள்ளைப் பாசம் என்று பாதி மன்னித்துவிடுகிறோம்.

அதே சமயம், எடுத்து வளர்த்ததைப் பாதியில் விடுவதும் லேசான காரியமல்ல. இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்ற மாளிகையில் ஒரு பிரபு, 1836-இல் தொடங்கி, ஒரு பெரிய கண்ணாடி வீடு கட்டினார். நம்முடைய கதைக்கு நேர் தலைகீழ்: அங்கே குளிர் நாட்டில் வெப்ப நாட்டுச் செடிகள். விக்டோரியா ராணி அதற்குள் குதிரை வண்டியிலேயே போனாராம். அடியில் எட்டுக் கொதிகலன்கள். கரி கொண்டு வரப் பூமிக்கடியில் தண்டவாளம். பனை, வாழை, என்னென்னவோ அங்கே வளர்ந்தன. முதல் உலக யுத்தம் வந்தது. கரி கிடைக்கவில்லை. அடுப்பு அணைந்தது. செடிகள் எல்லாம் செத்துப்போயின. 1920-இல் வெடி வைத்துக் கட்டடத்தைத் தகர்த்தார்கள். யுத்தத்தில் செத்த மனிதர்களின் கணக்குக்கு முன்னால் செடிகளை யார் எண்ணுவார்கள்? எண்ணச் சொல்லவும் இல்லை. அந்த வாழைகள் தாங்களாக டெர்பிஷயருக்கு வரவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். தன்னால் தாங்க முடியாத ஊருக்கு ஓர் உயிரைக் கொண்டு வந்தவன், அந்த அடுப்பு எரியும் வரைக்கும்தான் அதற்குத் தெய்வம்.

ஆகவே நண்பரிடம் "அணைத்துவிடுங்கள்" என்று நான் சொல்லவில்லை. "கிழங்கைக் கொட்டிவிடுங்கள்" என்றும் சொல்லவில்லை. செடிக்கு அவர் பட்டிருக்கிற கடன் உண்மையான கடன். ஆனால் அதைத் தையற்கார அம்மாளின் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். சொந்தப் பையிலிருந்து கொடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. சொந்தப் பை என்றால் மின்சாரக் கட்டணம் மட்டுமல்ல. அவர் வீட்டில் தெருவைப் பார்த்த கூடம் ஒன்று இருக்கிறது. மேல் காற்று வரும். மாலையில் அவர் சாய்வு நாற்காலி போட்டுப் படிப்பதும், இரவில் கட்டில் போட்டுப் படுப்பதும் அங்கேதான். அந்தத் தெரு முப்பதடி. குழாய் அங்கே நீட்டிக்கொண்டிருந்தால் உஷ்ணம் மேலே போய்க் கலைந்துவிடும், ஒருவர் முகத்தில் போய் அடிக்காது. குழாயை மட்டும் நீளமாக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாமே என்று அவர் கேட்டுப் பார்த்தார். நீளம் கூடினால் காற்று தள்ளுவது குறைந்து, குழாயே அறைக்குள் அடுப்பு மாதிரி காய ஆரம்பித்துவிடும் என்று பழுது பார்க்கிறவர் சொல்லிவிட்டார். கிழங்குகள் கூடத்துக்கு வர வேண்டும். அவர் பின்கட்டுக்குப் போக வேண்டும். சந்தைப் பார்த்த, காற்று வராத அறைக்கு.

சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கூடத்து ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பூக்கிற வருஷம் முடிந்து பங்குனி பிறந்திருந்தது. இலைகள் பழுத்துச் சாய்ந்திருந்தன. அம்மாள் ஜன்னலைத் திறந்துவிட்டார் என்று என் மனைவி வந்து சொன்னாள். ஆனால் கிழங்குகள் ஆவணியில் மறுபடி தட்டுக்கு வந்தாக வேண்டும்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாள் வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த தையல் நாடாவை வைத்துக்கொண்டு கூடத்தை அளந்துகொண்டிருந்தார். அலமாரி கொள்ளும் போலிருக்கிறது என்றார். பிறகு என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், கட்டிலுக்குத் தலைமாட்டை எந்தப் பக்கம் வைத்தால் ராத்திரி கொஞ்சமாவது காற்று வரும் என்று கேட்டார்.